அந்தரத்தில் ஒரு கரணம்



வலிமிகும் இடங்களைப் பற்றியும் மாணவர் கட்டுரைகளைப் பற்றியுமே எழுதிவரும் நான், இம்முறை ஒரு விளையாட்டைப் பற்றி எழுத விழைகிறேன். அதிலும் விளையாட்டு முழுவதையும் பற்றி அன்று. அவ்விளையாட்டில் அரை நொடிக்குள் தொடங்கி அரை நொடிக்குள் முடிந்துவிடுகின்ற ஓர் அசைவைப் பற்றி மட்டுமே. ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் அதைக் கற்றுக்கொள்ள ஏறத்தாழ ஐந்து மாதங்கள் ஆயின. அந்த ஐந்து மாதங்களில் கற்றல், கற்பித்தல் குறித்து நான் எண்ணிப் பார்த்த அளவுக்குப் பணிமனைகளிலும் கருத்தரங்குகளிலும் எண்ணிப் பார்த்ததில்லை.

கெடா மாநிலத்தில், பாடாங் செராயை அடுத்த பாடாங் மேஹா வட்டாரத்தை அறிந்தவர்களுக்கு அங்குள்ள திடல்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பால்மரங்கள் நின்ற நிலமெங்கும் இப்போது செம்பனை. லயங்களில் வாழ்ந்தவர்களில் பலர் பாடாங் செராய், லூனாஸ், கூலிம் என்று அடுக்குவீடுகளுக்கும் தாமான்களுக்கும் குடிபெயர்ந்துவிட்டனர். 1996-இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவுக்குத் தொழிற்சாலைப் பேருந்துகள் முறைவேலைக்கு ஆள் ஏற்றிப் போகின்றன. ஆனால் கோயில் பக்கத்துத் திடலும் அதன் ஓரத்தில் இரண்டு கம்பங்களும் இன்னும் இருக்கின்றன. அந்தக் கம்பங்களுக்கிடையே வலை கட்டி ஆடப்படும் விளையாட்டுத்தான் செபாக் தக்ரோ.

பிள்ளைகள் பார்த்திருப்பார்கள்; பெற்றோர்களில் சிலர் ஆடியும் இருப்பீர்கள். அணிக்கு மூவர். நடுவில் நின்று பந்தைத் தொடக்கி வைப்பவர் தெக்கோங். வலையோரம் இடமும் வலமும் இருவர். அவர்களில் ஒருவர் பந்தை ஏந்திக் கொடுப்பவர், மற்றவர் அதை எதிர்க்களத்தில் அறைபவர். கையால் தொடக்கூடாது, கால், முழங்கால், நெஞ்சு, தலை ஆகியவற்றால் ஆடலாம். களம் 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். பூப்பந்து இரட்டையர் களத்தின் அளவும் இதுவே. ஆகையால் ஒரே களத்தை இரண்டுக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம். பணமில்லாத சிறிய பள்ளிகளுக்கு இஃது எத்துணைப் பெரிய உதவி என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். ஆடவர் ஆட்டத்தில் வலையின் நடு உயரம் 1.52 மீட்டர்.

இதன் வரலாறு சுவையானது. வலை இல்லாமல் வட்டமாக நின்று பிரம்புப் பந்தை உதைத்தாடும் செபாக் ராகா மலாக்காச் சுல்தான்கள் காலத்திலேயே இருந்தது. சுல்தான் மன்சூர் ஷாவின் மகன் இராஜா முகம்மது வழியில் சென்றபோது, பெண்டஹாரா துன் பேராக்கின் மகன் துன் பெசார் உதைத்த பந்து இளவரசரின் தலைப்பாகையைத் தட்டிவிட்டது. அதற்காகத் துன் பெசார் குத்திக் கொல்லப்பட்டார் என்று 'செஜாரா மெலாயு' கூறுகிறது. சுல்தான் தம் மகனைப் பகாங்குக்கு அனுப்பிவிட்டார். மலாக்காவின் அரியணை கைமாறிய கதைக்குள் ஒரு பிரம்புப் பந்து உருண்டுகொண்டிருக்கிறது என்று வரலாற்றுப் பாடத்தில் சொன்னால் பிள்ளைகளின் கண்கள் விரியும். இந்த ஆட்டத்துக்கு வலை கட்டியது எங்கள் பக்கத்து மாநிலமான பினாங்கில்தான். 1945-ஆம் ஆண்டு வாக்கில் அதைச் செய்தவர் ஹமிட் மைடின் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. 1965-இல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டியின்போது பெயரில் சிக்கல் எழுந்தது. மலாய்க்காரர்களின் 'செபாக்', அதாவது உதை. தாய்லாந்தினரின் 'தக்ரோ', அதாவது பின்னிய பந்து. இரண்டையும் சேர்த்துப் பெயரிட்டுச் சிக்கலைத் தீர்த்தார்கள். இரு மொழியும் இணைந்த தொகைச்சொல் என்று நான் இலக்கண வகுப்பிலும் இதைச் சொல்வதுண்டு.

நான் சிறுவனாக இருந்தபோது பிரம்புப் பந்தில்தான் ஆடினோம். மழையில் நனைந்தால் கனத்துவிடும். வெயிலில் காய்ந்தால் பிரம்பு பிளந்து காலைக் கீறும். இப்போது செயற்கை இழைப்பந்து. பன்னிரண்டு துளைகள், இருபது பின்னல் முடிச்சுகள். ஆடவர் பந்தின் எடை 170 முதல் 180 கிராம். விரைவும் கூடிவிட்டது. விரைவு கூடியதனால் அறையும் முறையும் வளர்ந்துவிட்டது.

அந்த அறைதான் என் பொருள். அதை மலாய்க்காரர்கள் பாலிக் குவாங் என்பார்கள். அந்தர் பல்டி என்று நம்மவர் சொல்வதற்கு நெருங்கிய சொல். பயிற்றுநர்கள் ரோல் ஸ்பைக் என்கிறார்கள். நான் ஒரு தமிழாசிரியன் என்ற முறையில் அதற்கு 'உருள் உதை' என்று பெயர் சூட்டினேன். பையன்கள் அடக்கிப் பார்த்தும் முடியாமல் சிரித்துவிட்டார்கள். இன்றுவரை அவர்களுக்கு அது 'ரோலிங்' மட்டுமே.

வலக்காலால் அடிப்பவன் ஒருவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் வலைக்கு முதுகு காட்டி நிற்கிறான். தோழன் பந்தை வலைக்கு அருகே உயரத் தூக்கிக் கொடுக்கிறான். இவன் வலக்காலால் தரையை உந்தி எழும்புகிறான். ஆனால் முதலில் மேலே வீசப்படுவது இடக்கால். அந்த இடக்கால் வீச்சுத்தான் உடலைச் சாய்த்துத் தலையைக் கீழே கொண்டுவருகிறது. அடுத்த கணம் கத்தரிக்கோலின் அலகுபோல் வலக்கால் இடக்காலைக் கடந்து மேலே செல்கிறது. பந்தை இடத்தோளுக்கு மேலாக வலையின் மறுபுறம் அறைகிறது. அறைந்த வேகத்திலேயே இடுப்பு திரும்ப, உடல் காற்றிலேயே புரண்டு, அடித்த அதே வலக்காலில் வந்து இறங்குகிறது. திரும்பாமல், அதே பக்கத்துத் தோளுக்கு மேலாக அடிப்பது இன்னொரு வகை. அதற்குச் சன்பேக் என்று பெயர். அதில் முதுகோ கையோ தரையில் படுவது உண்டு. உருள் உதையை அழகாகச் செய்பவன் பூனையைப்போல் காலூன்றி அடுத்த பந்துக்கு ஆயத்தமாகிவிடுவான்.

இதற்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு? ஒரு சிறுவனின் உடல் முப்பது செண்டிமீட்டர் மேலெழும்புகிறது என்றால், எழுந்து விழும் வரை ஏறத்தாழ அரை நொடி. இந்த அரை நொடிக்குள் சாய்தல், கடத்தல், அறைதல், புரளுதல், இறங்குதல் எல்லாம் முடிந்தாக வேண்டும். அறிவியல் ஆசிரியர்கள் இன்னொன்றும் சொல்வார்கள்: தரையை விட்டு எழுந்தபின் புதிதாகச் சுழற்சியைச் சம்பாதிக்க முடியாது. தரையை உந்தியபோதும் காலை வீசியபோதும் என்ன பெற்றோமோ அதுதான் முதல். கைகால்களை உடலோடு சேர்த்தால் சுழற்சி விரையும், பரப்பினால் மெதுவாகும். அவ்வளவே நம் கையில். இராமேசுவரம் கடற்கரையில் பெரிய பட்டத்தின் இழுவையில் பலகைமேல் கடலைத் தாண்டிப் பறக்கும் இளைஞர்களைக் காணொளியில் பார்த்திருக்கிறேன். அவர்களும் காற்றில் புரளத் தொடங்கும்போது தலையைத் தோளுக்கு மேலாகத் திருப்புகிறார்கள். தலை போகும் வழியில் உடல் போகும். பட்டமானாலும் பந்தானாலும் உடலுக்கு விதி ஒன்றே.

இனி அந்தப் பையனுக்கு வருகிறேன். பெயர் வேண்டாம். எங்கள் பள்ளி சிறிய பள்ளி. ஆறாம் ஆண்டில் ஆண்பிள்ளைகள் மொத்தம் ஏழு பேர். செபாக் தக்ரோவுக்கு அணி அமைக்கும்போது தேர்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஓடத் தெரிந்தவர்கள் எல்லாரும் வீரர்கள். இவன் வகுப்பில் பேசாதவன். வாசிக்கச் சொன்னால் ஒரு நெடிய சொல்லின் நடுவில் நின்றுவிடுவான். அதன்பின் எத்துணை முறை கேட்டாலும் வாய் திறவாது. அப்பா பல ஆண்டுகளுக்கு முன்பு இறந்துவிட்டார். அம்மா தொழிற்சாலையில் இரவுமுறை வேலை. பாட்டிதான் வளர்ப்பு. பந்தைக் காலில் வாங்கித் தட்டிக்கொண்டே இருக்கச் சொன்னால் மட்டும் மணியடிக்கும் வரை கீழே விடமாட்டான்.

ஒரு நாள் அவனாகவே என்னிடம் வந்து, "சார், நான் ரோலிங் அடிக்கணும்" என்றான். ஆறு ஆண்டுகளில் அவன் என்னிடம் கேட்ட முதல் வேண்டுகோள் அது.

எனக்கு அதைச் செய்யத் தெரியாது. இளமையிலும் தெரியாது, நான் பந்து கொடுப்பவனாகவே இருந்தவன். எனவே அருகிலுள்ள கம்பத்திலிருந்து ஓய்வுபெற்ற மலாய்க்காரப் பெரியவர் ஒருவரை வேண்டிக்கொண்டேன். வட்டாரப் பிள்ளைகளுக்குப் பல்லாண்டுகள் ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர். நாங்கள் எல்லாரும் அவரைப் பாக் சிக் என்றே அழைப்போம். எங்கள் மாநிலத்தில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை என்பதால், சனிக்கிழமை காலை தோறும் தம் பழைய ஹோண்டா கப் மோட்டார் சைக்கிளில் வந்துவிடுவார். ஊதியம் கேட்கவில்லை, கோப்பி மட்டும் கறுப்பாக, சர்க்கரை குறைவாக வேண்டும்.

முதல் மூன்று வாரங்கள் அவர் பந்தையே கண்ணில் காட்டவில்லை. நீளந்தாண்டும் மணற்குழிக்கு அழைத்துச் சென்று விழக் கற்றுக்கொடுத்தார். தாடையை நெஞ்சோடு சேர்த்து, முதுகை வளைத்து, பக்கவாட்டில் உருண்டு விழ வேண்டும். கையை நீட்டி ஊன்றக் கூடாது. ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். பையன்கள் விழுந்து விழுந்து மணலாகிப் போனார்கள். "எப்பொழுது சார் பந்து?" என்று கேட்டவர்களில் பாதிப்பேர் மூன்றாம் வாரத்தில் வேறு விளையாட்டுக்குப் போய்விட்டார்கள். இவன் நின்றான்.

பிறகு பந்தை ஒரு கயிற்றில் கட்டிக் காற்பந்துக் கம்பத்தின் குறுக்குச் சட்டத்தில் தொங்கவிட்டார். முதலில் இடுப்பு உயரம். கீழே உடற்பயிற்சி மெத்தை. நின்றபடியே காலை மாற்றி வீசி, பந்தைத் தொட்டுவிட்டு மெத்தையில் புரள வேண்டும். ஒழுங்காக வந்தால் அடுத்த வாரம் கயிறு நான்கு விரற்கடை உயரும். வராவிட்டால் உயராது. மனப்பாடச் செய்யுளுக்கு நாம் கொடுக்கும் காலக்கெடுவெல்லாம் அவரிடம் கிடையாது. "தெங்கோக் போலா. ஜாங்ஙான் தெங்கோக் தானா." பந்தைப் பார், தரையைப் பாராதே. ஒரு காலைப்பொழுதில் இந்த இரண்டு வாக்கியங்களையும் நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

மூன்றாம் மாதத்தில் அந்த விபத்து நேர்ந்தது. கயிறு அவன் தோள் உயரத்துக்கு வந்திருந்தது. நன்றாக எழும்பினான், பாதி புரண்டான், என்ன நினைத்தானோ, காற்றிலேயே உடலை விரித்துவிட்டான். சுழற்சி நின்றது. முதுகு அப்படியே விழுந்தது. மெத்தைமேல்தான் விழுந்தான் என்றாலும் மூச்சு அடைத்துவிட்டது. கண்கள் திறந்திருக்க, வாய் திறந்திருக்க, காற்று மட்டும் வரவில்லை. சில நொடிகள்தாம், ஆனால் அந்தச் சில நொடிகளை எந்த ஆசிரியரும் மறக்க மாட்டார். கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். எலும்புக்கு ஒன்றுமில்லை, இரண்டு நாள் ஓய்வு போதும் என்றார்கள்.

வீட்டுக்குச் செய்தி சொல்லப் போனபோது பாட்டி வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். "கரணம் தப்பினா மரணம்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க, வாத்தியாரையா?" என்றார். இந்தப் பழமொழியை நான் பாடத்தில் கற்பித்திருக்கிறேன். பொருள் எழுதச் சொல்லி மதிப்பெண்ணும் போட்டிருக்கிறேன். கழைக்கூத்தாடியின் பிழைப்பிலிருந்து வந்த மொழி அது. ஒரு பேரனின் முதுகைத் தடவிக்கொண்டே ஒரு மூதாட்டி சொல்லும்போது அது பாடநூலில் இருக்கும் பழமொழியாக இல்லை.

(இடையில் ஒன்று. கரணம் என்னும் சொல்லுக்கு நம் மொழியில் எவ்வளவு இடம்! குட்டிக்கரணமும் கரணம்தான், சிதம்பரம் கோபுரவாயிலில் செதுக்கப்பட்டிருக்கும் நூற்றெட்டு நடன நிலைகளும் கரணங்கள்தாம். தஞ்சைப் பெரிய கோயிலின் மேல்தளத்தில் எண்பத்தொன்று செதுக்கி முடிக்கப்பட்டு மீதிக் கற்கள் வெறுமையாக நிற்கின்றன. காலும் கையும் இசைந்து இயங்கும் நிலைக்குத்தான் அந்தப் பெயர்.)

மறுநாள் காலை அம்மா வேலை முடிந்து நேரே பள்ளிக்கே வந்துவிட்டார். தொழிற்சாலைச் சட்டையில், கண்கள் சிவந்து, உட்காரவும் மறுத்து நின்றார்.

"சார், எனக்கு இருக்கிறது அவன் ஒருத்தன். புள்ள கழுத்து போச்சுன்னா யாரு பதில் சொல்றது? பாரத்துல நான் கையெழுத்து போட்டேன்தான். பந்து விளையாடத்தான் போட்டேன். தலைகீழா குதிக்கப் போடல."

"நியாயம்தான்மா," என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அவர் கேட்டதில் ஒரு சொல்லும் தவறில்லை. மாணவர் காப்புறுதி இருக்கிறது என்று சொல்வது அந்த நேரத்தில் பதிலாகாது. அன்றோடு அவனுக்குப் பயிற்சி நின்றது. அவன் திடலோரம் உட்கார்ந்து மற்றவர்களுக்குப் பந்து பொறுக்கிப் போட்டான். வகுப்பில் மேலும் மௌனமானான்.

பெற்றோர்களே, உங்களுக்கு இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தடுத்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்று நாம் நினைக்கிறோம். இரண்டு வாரங்களுக்குப் பிறகு ஒரு மாலையில் பாட்டி என்னை அழைத்துவரச் சொன்னார். அடுக்குவீட்டின் கீழே, சிமெண்டுத் தரையில், கிழிந்த கோணிப்பையை விரித்துப் போட்டுக்கொண்டு பையன் தனியாகத் துள்ளிக்கொண்டிருந்தான். கைத்தொலைபேசியில் தாய்லாந்து ஆட்டக்காரர்களின் காணொளி ஓடிக்கொண்டிருந்தது. மணற்குழி இல்லை, மெத்தை இல்லை, பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. அவன் அம்மாவும் அதைப் பார்த்தார்.

அடுத்த சனிக்கிழமை அவர் திடலுக்கு வந்தார். என்னிடம் பேசவில்லை, பாக் சிக்கிடம் நேராகப் போய் மலாயில் கேட்டார்: இதுவரை எத்தனை பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள்? எத்தனை பேருக்கு எலும்பு முறிந்திருக்கிறது?

நானாக இருந்தால் பூசி மெழுகியிருப்பேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் எண்ணிப் பார்த்தார். கணக்கு வைத்துக்கொள்ளவில்லை, நிறைய பேர் என்றார். மணிக்கட்டு இரண்டு பேருக்கு, கழுத்துப்பட்டை எலும்பு ஒருவனுக்கு. கழுத்து யாருக்கும் இல்லை, இறைவன் அருளால். பிறகு பையனைக் காட்டி, இவன் விழுந்ததற்குக் காரணம் குதித்தது அன்று, பாதியில் நிறுத்தியது என்றார். எழும்பிவிட்டால் முழுவதும் போய்விட வேண்டும். பயமாயிருந்தால் எழும்பவே கூடாது. இவனுக்கு அந்த இரண்டாவதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு நேரம் போதவில்லை என்றார்.

அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு நிபந்தனைகளைச் சொன்னார். மெத்தை ஒன்று போதாது, இரண்டு வேண்டும். அவர் இருக்கும்போது மட்டுமே பயிற்சி. அவர் 'போதும்' என்றால் போதும். மறுவாரம் பாட்டியின் பழைய இலவம்பஞ்சு மெத்தையை உருட்டிக் கட்டி மோட்டாரில் கொண்டுவந்து இறக்கினார். இரவெல்லாம் நின்று வேலை செய்துவிட்டு வந்து, மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு தாவலையும் கண்கொட்டாமல் பார்த்தார். சில நேரம் உட்கார்ந்தபடியே உறங்கிப் போனார். அப்போது பாக் சிக் பையனை நிறுத்தி ஓய்வெடுக்கச் சொல்லிவிடுவார். நிபந்தனை நிபந்தனைதான்.

பாக் சிக் கயிற்றை மறுபடியும் இடுப்பு உயரத்துக்கு இறக்கினார். பையனின் முகம் வாடியது. ஆனால் இம்முறை புதிதாக ஒன்றைச் சேர்த்தார். ஒவ்வொரு தாவலுக்கும் முன்பு "ஜாடி?" என்று கேட்பார், போகிறாயா என்று பொருள். "தாக் ஜாடி", இல்லை என்று பையன் சொன்னால் குறையொன்றும் சொல்லாமல் தலையசைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். முதல் நாளில் இவன் பதினொரு முறை இல்லை என்றான். ஆசிரியப் பணியில் எனக்கு இருபதாண்டுகளுக்கு மேலாகிறது. ஒரு மாணவன் 'இன்னும் என்னால் முடியாது' என்று சொல்வதற்கு வகுப்பில் நாம் எங்கே இடம் வைத்திருக்கிறோம் என்று அன்று முழுவதும் எண்ணிக்கொண்டிருந்தேன். வாசி என்றால் வாசிக்க வேண்டும். வாசிக்காவிட்டால் நிற்க வேண்டும்.

ஐந்தாம் மாதத்தில், மழை பெய்து ஓய்ந்த ஒரு சனிக்கிழமை. ஜெராய் மலை உச்சியில் மேகம் இறங்கியிருந்தது. கயிறு வலை உயரத்துக்கு ஏறியிருந்தது. "ஜாடி?" என்றார். "ஜாடி," என்றான். இடக்கால் எழுந்தது, வலக்கால் கடந்தது, பந்து 'டக்' என்று ஒலித்தது, அவன் நின்றுகொண்டிருந்தான். வலக்காலில், சற்றுத் தள்ளாடி, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு. அவனே நம்பாதவன்போல் கீழே தன் காலைப் பார்த்தான். யாரும் கைதட்டவில்லை. அம்மா மட்டும், "இன்னொரு தடவ செய்," என்றார். அடுத்த இரண்டு முறை விழுந்தான். நான்காம் முறை மீண்டும் நின்றான்.

அதன்பின் அவன் வாசிப்பு திருந்திவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான், அப்படி நடக்கவில்லை. இன்னமும் நெடிய சொற்களில் நின்றான். ஆனால் அம்மாதம் 'நான் கற்றுக்கொண்ட ஒன்று' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். வழக்கமாக ஐந்து வரியில் நிறுத்துபவன் ஒரு பக்கம் முழுவதும் எழுதியிருந்தான். எழுத்துப் பிழைகள் இருபதுக்கு மேல். நடுவில் ஒரு வரி: "குதிக்கும்போது முதுகு வேண்டாம் என்று சொல்லும். அதற்குப் பதில் சொல்லக் கூடாது. பந்தை மட்டும் பார்க்க வேண்டும்." அந்த வரிக்குக் கீழே சிவப்பு மை படாமல் பார்த்துக்கொண்டேன்.

மாவட்டப் போட்டிக்குப் போனோம். பெரிய பள்ளிகளின் பிள்ளைகள் சீருடையிலும் ஆட்டத்திலும் எங்களைவிடப் பல படி மேல். முதல் ஆட்டத்தை இரண்டு செட்டிலும் தோற்று வெளியேறினோம். அந்த ஆட்டத்தில் அவன் மூன்று முறை உருண்டான். முதல் பந்து வலையில் சிக்கியது. இரண்டாவது எல்லைக்கு வெளியே போயிற்று. மூன்றாவது எதிரணியின் இரண்டு பேருக்கு நடுவில் இறங்கியது. மூன்று முறையும் காலில் நின்றான். அதற்கு முன்பு இன்னொரு முறையும் பந்து உயர்ந்து வந்தது. எழும்பப் போனவன் எழும்பாமல் தலையால் தட்டி அனுப்பினான். பார்வையாளர் வரிசையிலிருந்த பாக் சிக் என் தோளைத் தட்டி, மூன்றாவது பந்தைவிட அதுதான் நன்றாக இருந்தது என்றார்.

விளையாட்டு ஆசிரியர்களுக்கு இரண்டொரு செய்தி. நம் நாடு 1990-இல் பெய்ஜிங்கிலும் 1994-இல் ஹிரோஷிமாவிலும் ஆசிய விளையாட்டில் இதில் தங்கம் வென்றது. அதன்பிறகு தாய்லாந்தின் கையோங்க, அடுத்த தங்கத்துக்கு 2018 வரை, பாலெம்பாங்கில் ரெகு பிரிவில் வெல்லும் வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று. அதே 2018 போட்டியில் இந்திய ஆடவர் அணியும் முதன்முறையாக வெண்கலம் பெற்றது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இவ்விளையாட்டு அயலானது என்று எண்ணிவிட வேண்டாம்; பந்து ஒன்று, வலை ஒன்று, ஆறு பேர் போதும். ஆனால் உருள் உதையைக் கற்பிக்க முன்வந்தால் மணலிலிருந்து தொடங்குங்கள். காணொளியைப் பார்த்துச் சிமெண்டு நடைபாதையில் துள்ளும் பிள்ளைகளைக் கண்டால் அதட்டி விரட்டிவிடாமல், எங்கே விழுவது நல்லது என்று காட்டிக்கொடுங்கள். அறிந்த ஒருவர் அருகில் இல்லாத நாளில் கயிற்றை அவிழ்த்து அறையில் பூட்டிவிடுங்கள்.

பையன் இப்போது இடைநிலைப்பள்ளியில் இருக்கிறான். அம்மா இன்னமும் இரவுமுறைதான். பஞ்சு மெத்தையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "அங்கேயே இருக்கட்டும் சார், வேற புள்ளைங்க விழும்ல," என்று சொல்லிவிட்டார். போன வாரம் ஐந்தாம் ஆண்டுப் பெண்பிள்ளைகள் இருவர் வந்து, பெண்களும் ரோலிங் அடிக்கலாமா என்று கேட்டார்கள். வீட்டில் கேட்டு வாருங்கள், முடிந்தால் அம்மாவை அழைத்துக்கொண்டே வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். பாக் சிக்குக்குச் செய்தி போயிருக்கிறது. மெத்தை விளையாட்டுப் பொருள் அறையில் கிடந்து ஈரம் பிடித்திருந்தது. பையன்கள் அதை வெளியே இழுத்துக் கம்பிவேலிமேல் காயப் போட்டிருக்கிறார்கள்.